உயிருக்குச் சந்தா கட்டியாச்சா?

செமஸ்டர் முடிந்த கையோடு ஜாலியாக ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று வாரமாக ஒரு விஷயம் மண்டைக்குள் குடைந்து கொண்டே இருக்கிறது. அதனால் இந்த முறை கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக் கொள்ளவும்.

என் மாமா (அம்மாவின் தம்பி) திருச்சியில் இருந்து மதுரைக்குக் காரில் போய்க் கொண்டிருந்தார். தனியாக. இரவு ஒன்றரை மணி இருக்கும். விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாடு குறுக்கே வர, ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஏர்பேக் விரிந்ததால் ஆள் பிழைத்தார். ஆனால் வலது கால் மாட்டிக் கொண்டது. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. போன் எந்த சீட்டுக்கு அடியில் போனது என்று தெரியவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே இருக்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அமுக்கினார். கார் பேசியது! ஒரு பெண் குரல், ரொம்ப இனிமையான ஆங்கிலத்தில், உங்கள் சந்தா காலாவதியாகிவிட்டது, தயவு செய்து புதுப்பித்துக் கொள்ளுங்கள் என்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி அதே குரல், அதே இனிமை.

முதல் கால் மணி நேரம் யாரும் நிற்கவில்லை. பிறகு ஒரு லாரிக்காரர் நிறுத்தி, தன் போனில் இருந்து ஆம்புலன்சுக்கு அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்: எந்த இடம்? லாரிக்காரர் ஆந்திராக்காரர். அவருக்கு மதுரை ரோடு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மாமாவுக்கோ தலை சுற்றல், கண்ணும் தெரியவில்லை. கடைசியில் டி.வி.எஸ். 50-ல் பால் கேனோடு வந்த ஒரு பெரியவர்தான் ஊர் பேரைச் சொன்னார். அதன் பிறகு வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இடத்தைச் சொல்ல ஆன நேரம் மட்டும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு.

மாமா இப்போது காலில் கம்பியோடு நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"மாப்ளே, அவ்வளவு நேரமும் அந்த மேப்புல நீல அம்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுடா. நான் எங்க கெடக்கேன்னு வண்டிக்கு நல்லாத் தெரியும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுருச்சு."

யோசித்துப் பாருங்கள். காருக்குத் தெரியும். காசு கட்டாததால் சொல்லவில்லை!

எந்த கம்பெனி கார் என்று கேட்காதீர்கள். ஒரு கம்பெனியைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற விஷயம் இல்லை இது. பிரச்சினை அந்த வியாபார முறையிலேயே இருக்கிறது. பி.காம் படிக்கிறவன் என்ற முறையில் அந்த வியாபாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வானத்தில் இலவசம், பூமியில் பில்

நம்மில் பலர் சாட்டிலைட் மேலே இருந்து நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக் கொண்டு, "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்பதை மட்டும் அது ஓயாமல் ஒலிபரப்புகிறது. கோயில் மணி மாதிரி. கேட்கிறவர் கேட்டுக் கொள்ள வேண்டியதுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, அவை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து, காரில் உள்ள சின்ன ரிசீவர் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக் கொள்கிறது.

இதற்கு யாரும் காசு கேட்பதில்லை. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிய கொரிய பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜி.பி.எஸ். பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் தரப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. 2000 மே மாதம், பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையையும் அமெரிக்கா நிறுத்திவிட்டது. ராணுவத்துக்காகக் கட்டிய, கோடிக்கணக்கான டாலர் விழுங்கிய அமைப்பு. அதன் சிக்னல் உலகத்துக்கே இலவசம்!

அப்படியானால் சந்தா எதற்கு? தெரிந்த இடத்தை இன்னொருவருக்குச் சொல்வதற்கு. காருக்குள் ஒரு சிம் இருக்கிறது. அது மொபைல் நெட்வொர்க் வழியாகப் பேச வேண்டும். அதற்குத்தான் பில்.

சரி, சொல்ல வேண்டிய தகவல் எவ்வளவு பெரியது? ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். வண்டி எண், நேரம், இடம், எந்தத் திசையில் போய்க் கொண்டிருந்தது, என்ன எரிபொருள் என்ற அத்தனையும் சேர்த்து 140 பைட். நாம் அனுப்பும் ஒரு எஸ்.எம்.எஸ். அளவு! பள்ளத்தில் கிடந்த காருக்கும் ஆம்புலன்சுக்கும் நடுவில் நின்றது அவ்வளவுதான். ஒரு எஸ்.எம்.எஸ்.

இல்லினாய்ஸில் ஒரு குழந்தை

"உங்க மாமா சந்தா கட்டாதது அவர் தப்பு" என்று நீங்கள் சொல்லலாம். அவர் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முதல் ஓனருக்குக் கொடுத்த இலவச காலம் எப்போதோ முடிந்திருந்தது. அப்படி ஒரு சந்தா இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. பொத்தான் மட்டும் பளபளவென்று இருந்தது. அதை விடுங்கள், உலகத்துக்கே தெரிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2023 பிப்ரவரி. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவுக்கு வடக்கே லேக் கவுன்டி. ஒரு தாயைத் தாக்கிவிட்டு அவருடைய ஃபோக்ஸ்வாகன் காரைக் கடத்திக் கொண்டு போனார்கள். காருக்குள் 2 வயதுக் குழந்தை! ஷெரீஃப் அலுவலகம் உடனே அந்தக் கம்பெனியின் கார்-நெட் சேவையை அழைத்து, கார் எங்கே என்று கேட்டது. இலவச காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் கண்டுபிடித்துச் சொல்வோம் என்று பதில் வந்ததாக அந்த அலுவலகமே பகிரங்கமாக அறிக்கை விட்டது. போலீஸ்காரர் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. கார்டு நம்பர் வாங்கிப் பணம் கட்டிய பிறகுதான் இடத்தைச் சொன்னார்கள். நல்லவேளை, குழந்தை பத்திரமாகக் கிடைத்தது. ஆனால் அது அந்தச் சேவையால் அல்ல.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். போலீஸ் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது, சேவையை நடத்தும் வெளி நிறுவனம் அந்த விதியை மீறிவிட்டது என்று ஃபோக்ஸ்வாகன் விளக்கம் சொன்னது. அதே வருடம் அமெரிக்காவில் தன் 2020 முதல் 2023 வரையிலான பெரும்பாலான மாடல்களுக்கு அவசர சேவையை 5 வருடம் இலவசமாக்கியது. சந்தோஷம். ஆனால் 6-வது வருடம்?

போனில் பதில் சொன்ன அந்த ஊழியரையும் நான் திட்ட மாட்டேன். சந்தா இல்லாதவனுக்குச் சேவை கிடையாது என்று சொல்லிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னார். ஒரு உயிர்காக்கும் விஷயத்தை சினிமா சேனல் மாதிரி விற்றால், விற்கிறவனும் சேனல் விற்கிறவன் மாதிரிதான் பேசுவான்.

கொஞ்சம் பொருளாதாரம் (தூங்கிவிடாதீர்கள்)

எங்கள் முதல் வருடப் பொருளாதாரத்தில் நெகிழ்ச்சியற்ற தேவை என்று ஒரு பாடம் உண்டு. விலை எவ்வளவு ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருள். உப்பு, மருந்து என்று உதாரணம் எழுதி மார்க் வாங்குவோம். பள்ளத்தில் கிடக்கும் மாமாவின் தேவையை விட நெகிழ்ச்சியற்ற தேவை உலகத்தில் உண்டா? அந்த நொடியில் லட்ச ரூபாய் கேட்டாலும் தருவார். ஆனால் அந்த நொடியில் அவரால் வாங்க முடியாது. கார்டு நம்பர் அடிக்கக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. எப்போது வேண்டுமோ அப்போது வாங்க முடியாது. எப்போது வாங்க முடியுமோ அப்போது யாருக்கும் வேண்டாம். இப்படிப்பட்ட பொருளை வருடச் சந்தாவில் விற்றால் பாதிப் பேர் விட்டுவிடத்தான் செய்வார்கள். அது மனித சுபாவம். கம்பெனிக்கும் அது தெரியும்.

"வாங்குவதும் வாங்காததும் அவரவர் சுதந்திரம்" என்பது அடுத்த வாதம். சீட் கவர் விஷயத்தில் ஒத்துக் கொள்கிறேன். ஆனால் கார் ஓனரின் சுதந்திரத்துக்கு விலை கொடுப்பது யார்? பின் சீட்டில் இருக்கும் பாட்டி. லிஃப்ட் கேட்டு ஏறிய நண்பன். அந்தக் காரால் அடிபட்டு ரோட்டில் கிடக்கிறவர். இல்லினாய்ஸில் அந்த 2 வயதுக் குழந்தை. இவர்களில் யாரும் எந்த விதிமுறையையும் படித்துக் கையெழுத்துப் போடவில்லை. இருவருக்குள் நடக்கும் பேரம் மூன்றாம் ஆளைப் பாதித்தால் அதற்குப் புறவிளைவு என்று பெயர். அதைச் சந்தை தானாகச் சரி செய்யாது, அரசுதான் தலையிட வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். கம்யூனிசம் ஒன்றும் இல்லை, எங்கள் சிலபஸ்!

"யாராவது காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" ஆமாம். கருவிக்கும் சிம்முக்கும் செலவு உண்டு. சீட் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும்தான் செலவு இருக்கிறது. அவை கார் விலைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மோதும்போது ஏர்பேக் திறந்து "இந்த வருட சந்தா பாக்கி" என்று சொல்வதில்லை அல்லவா?

ஐரோப்பா என்ன செய்தது

இது ஏதோ கனவு என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக ஒப்புதல் பெறும் கார், சிறு வேன் மாடல்கள் எல்லாவற்றிலும் இ-கால் என்ற அமைப்பு கட்டாயம். பலமாக மோதினால் கார் தானாகவே 112-ஐ அழைக்கும். நான் சொன்ன அந்த 140 பைட் தகவல் போகும். கூடவே பேசவும் வழி திறக்கும். பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தாலும் இடம் போய்ச் சேர்ந்துவிடும். சந்தா கிடையாது. முதல் ஓனரா மூன்றாவது ஓனரா என்ற கேள்வி கிடையாது. ஒரு காருக்கு 100 யூரோவுக்கும் குறைவான செலவு என்றும், உதவி வந்து சேரும் நேரம் நகரத்தில் 40 சதவீதமும் கிராமப்புறத்தில் 50 சதவீதமும் குறையும் என்றும் ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது.

இன்னொரு அழகு பாருங்கள். கம்பெனிகள் தங்கள் சொந்த அவசர சேவையை விற்கத் தடை இல்லை. தாராளமாக விற்கலாம். ஆனால் அது வேலை செய்யாவிட்டால் அழைப்பு தானாக 112-க்குப் போயே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாமாவின் காரில் இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்.

"ஐயோ, அரசாங்கம் நம் காரைப் பின்தொடருமே" என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். இ-கால் சாதாரண நேரத்தில் தூங்கிக் கொண்டிருக்கும். தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்பது சட்டம். கடைசி மூன்று இடங்களுக்கு மேல் நினைவில் வைக்கக் கூடாது, பழையது அழிந்து கொண்டே இருக்க வேண்டும்.

காசு வாங்கும் சேவைதான் நம் ரகசியத்தைக் காக்கும் என்று நினைத்தால் அமெரிக்காவைப் பாருங்கள். 1996-ல் ஆன்ஸ்டாரைக் கொண்டு வந்து இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்டது ஜெனரல் மோட்டார்ஸ். அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர்களின் இருப்பிடத்தையும், எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள், எப்படி பிரேக் போடுகிறார்கள் என்பதையும் சேகரித்து, முறையான சம்மதம் இல்லாமல் விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அதே கம்பெனி மீது குற்றம் சாட்டியது. சில சமயம் 3 வினாடிக்கு ஒரு முறை இருப்பிடம் பதிவானதாம்! இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியம் போடப் பார்க்கும் அறிக்கைகளுக்குள் இந்தத் தகவல் போய்ச் சேர்ந்தது. ஆக, விற்பதற்கு என்றால் 3 வினாடிக்கு ஒரு முறை இடம் தெரியும். காப்பாற்ற என்றால் சந்தா பாக்கி.

ஐரோப்பாவில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பழைய இ-கால் 2ஜி, 3ஜி நெட்வொர்க்கை நம்பிக் கட்டியது. அந்த நெட்வொர்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால், 2026 ஜனவரி முதல் புதிய மாடல்களுக்கு 4ஜி, 5ஜி-யில் இயங்கும் இ-கால் கட்டாயம் ஆகியிருக்கிறது. பழைய கார்களின் கதி என்ன என்பது அங்கே பெரிய தலைவலி. அமெரிக்காவிலும் 2008-ல் அனலாக் நெட்வொர்க் மூடியபோதும், 2022-ல் 3ஜி மூடியபோதும் பல கார்களின் அவசர அழைப்பு ஊமையாகிவிட்டது. கார் 15 வருடம் ஓடும், நெட்வொர்க் அவ்வளவு நாள் தாங்காது. ஆகவே, மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை விற்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

நம்ம ஊர் கணக்கு

இப்போது நம் பக்கம் வருவோம். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று வரையறுத்தே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2025-ல் மத்திய அரசும் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது.

கோர்த்துப் பாருங்கள். மேலே சாட்டிலைட் இலவசம். ஆம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரி இலவசம். நடுவில் அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.-க்கு மட்டும் சந்தா! இத்தனை கோடி செலவழித்துக் கட்டிய சங்கிலியில் மிக மலிவான கண்ணியைத்தான் கழற்றி, விலை ஒட்டி, தனியாக விற்கிறோம். எந்த ஆடிட்டர் ஒத்துக் கொள்வார் இந்தக் கணக்கை?

கொள்கை அளவில் இது நமக்குப் புதிதும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்சி போன்ற பொது வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறை எப்படி என்பது வேறு கதை. ஆனால் இது பாதுகாப்புக் கருவி, அலங்காரம் அல்ல என்று அரசே ஏற்றுக் கொண்டுவிட்டது. சொந்தக் காரில் போகிறவன் உயிர் மட்டும் ஏன் ஆக்சஸரி ஆனது?

"கார் வைத்திருக்கிறவனுக்கு ஏன் இவ்வளவு கவலை, பைக்கில் போகிறவன்தானே அதிகம் சாகிறான்?" என்று என் ரூம்மேட் கேட்டான். சரியான கேள்வி. 2022-ல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களுக்குக் கார் பொத்தான் உதவாது. அவசர எண்ணை அழைத்த உடனே போன் தானாகவே இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாடுதான் உதவும். 2014-ல் பிரிட்டனில் தொடங்கிய இந்த முறைக்காக, ஐரோப்பாவில் 2022 மார்ச் முதல் விற்கும் ஸ்மார்ட்போன்கள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதற்கும் யாரும் சந்தா கேட்பதில்லை. காரோ, போனோ, கொள்கை ஒன்றுதான்: உயிர் ஆபத்தில் இடம் சொல்வது விற்பனைப் பொருள் அல்ல.

நான் கேட்பது மூன்றே மூன்று.

1. எஸ்.ஓ.எஸ். பொத்தான் வைத்து விற்கும் எந்தக் காரிலும், சந்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பொத்தான் 112-ஐ அழைத்து இடத்தைச் சொல்ல வேண்டும். கார் உயிரோடு இருக்கும் வரை.

2. மற்ற நேரத்தில் அது வாயை மூடிக் கொண்டு தூங்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வத்தி வைக்கக் கூடாது.

3. நெட்வொர்க் மாறினால் மாற்றிக் கொடுப்பது விற்றவன் பொறுப்பு.

பாட்டு, வானிலை, ஏ.சி.யை வீட்டில் இருந்தே போடுவது, இதற்கெல்லாம் எவ்வளவு சந்தா வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளட்டும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாளைக்கு நானே ஏதாவது கம்பெனியில் அந்தச் சந்தாவை விற்கும் வேலைக்குப் போனாலும் போவேன்!

அது வரைக்கும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுக் காரில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சும்மா அமுக்கிப் பார்க்காதீர்கள். சந்தா எந்தத் தேதி வரை, அது முடிந்தால் பொத்தான் என்ன செய்யும் என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். பழைய கார் வாங்கினால் ஆர்.சி., இன்சூரன்ஸோடு இதையும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சேல்ஸ்மேன் முழிப்பார். பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பெனி முழிக்கும்.

மாமா டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. சர்வீஸ் சென்டரில் அவர் நம்பரைக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. சந்தாவைப் புதுப்பித்தால் முதல் வருடம் இருபது சதவீதம் தள்ளுபடியாம்.

கார் இன்னும் ஒர்க்ஷாப்பில்தான் கிடக்கிறது.